வாடகை வீட்டிலிருந்து நெளுக்குளத்து ஒரு பரப்புக்கு: வவுனியாக் குடும்பம் ஒன்றின் இடமாற்றம் பற்றிய நிகழ்வு ஆய்வு

வவுனியாவில் வாடகைக்கு இருந்த ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒன்று, 2023 பெப்ரவரி தொடக்கம் 2025 தை வரை பட்டினத்திலேயே இருப்பதா, புறநகருக்குப் போவதா, ஊருக்குத் திரும்புவதா என்று தீர்மானிக்க அவர்கள் பட்ட பாட்டையும், அந்தத் தீர்மானத்தின் பின் அவர்களுக்கு நேர்ந்ததையும் இங்கே பதிவு செய்கிறேன். பெயரும் வீட்டு இலக்கமும் வெளிவரக்கூடாது என்ற நிபந்தனையில் அவர்கள் தங்கள் வரவுசெலவுக் கொப்பியை என்னிடம் தந்தார்கள். நான் ஓய்வுபெற்ற கிராம அலுவலர். காணிப் பத்திரங்களைப் பார்த்துச் சொல்லும்படி கேட்டு அவர்கள் வந்ததிலிருந்தே இந்த விடயத்தில் எனக்குத் தொடர்பு ஏற்பட்டது. ஆகவே இதில் சில இடங்களில் என் ஆலோசனையும் இருக்கிறது, என் கவனக்குறைவும் இருக்கிறது.

பின்னணி

கணவருக்கு 2023 இல் 42 வயது. பட்டினத்தில் ஒரு கட்டடப் பொருட் கடையில் கணக்கெழுதுகிறார். மனைவி அரச பாடசாலை ஆசிரியை. மகள் அப்போது தரம் 10 இலும் மகன் தரம் 3 இலும் படித்தனர். கணவரின் தாயார் அவர்களுடனேயே இருந்தார். ஒட்டுசுட்டான் பக்கத்தவரான அவருக்கு, 2009 இன் இடப்பெயர்வுக்கும் முகாம் வாழ்க்கைக்கும் பிறகு, சொந்தக் காணியில் இந்திய வீட்டுத்திட்டத்தின் 5,50,000 ரூபாய் உதவியில் ஒரு வீடு கட்டப்பட்டிருந்தது. சிறுநீரக நோய்க்காக மாதந்தோறும் வவுனியா வைத்தியசாலைக் கிளினிக்குக்கு வரவேண்டியிருந்ததால் அந்த வீட்டைப் பூட்டிவிட்டு மகனோடு வந்திருந்தார்.

அவர்கள் 2019 இல் வைரவபுளியங்குளத்தில் 15,000 ரூபாய் வாடகைக்கு ஒரு வீடு எடுத்தார்கள். பாடசாலை, வைத்தியசாலை, கடைத்தெரு, மகளின் தனியார் வகுப்புகள் எல்லாம் நடந்தோ சைக்கிளிலோ போகும் தூரத்தில் இருந்தன. 2021 இல் வாடகை 20,000 ஆனது. 2023 பெப்ரவரியில், வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரர் தம் உறவினர் மூலம் 35,000 ரூபாய் வாடகையும் ஒரு வருட முற்பணமும் கேட்டார். அவர் கேட்டது அந்தத் தெருவில் அப்போது நடப்பிலிருந்த தொகைதான்.

வாடகை இவ்வளவு விரைவாக ஏறியதற்கு அன்று எங்கள் கண்முன் நின்ற காரணங்கள் சில உண்டு. 2021 இல் 1,000 ரூபாயை ஒட்டியிருந்த ஒரு பை சீமெந்து 2022 இல் 3,000 ரூபாயைக் கடந்தபோது, பாதியில் நின்ற கட்டடங்கள் அப்படியே நின்றுவிட்டன. வாடகைக்கு விடப் புதிய வீடுகள் எழும்பவில்லை. வீடு தேடுபவர்களோ குறையவில்லை. 2021 ஓகஸ்டில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமானது. முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கங்களிலிருந்து பிள்ளைகளின் படிப்புக்காகவும் மருத்துவத்துக்காகவும் வந்து தங்கும் குடும்பங்களும் இருந்தன. வன்னியின் மற்றப் பகுதிகளுக்கு வவுனியா இன்னும் வாசலாகவே இருக்கிறது. வாசலில் இடம் பிடிப்பதற்கு விலை கூடுவது புதுமையல்ல.

முன்னிருந்த வழிகள்

முதலாவது, கேட்ட வாடகையைக் கொடுத்து இருந்த வீட்டிலேயே தொடர்வது. வீட்டு வருமானம் மாதம் 1,32,000 ரூபாய்: கணவரின் சம்பளம் 62,000, பிடிப்புகள் போக மனைவியின் கையில் வந்தது 58,000, அவர் மாலையில் நடத்திய வகுப்பால் 12,000.

இரண்டாவது, குருமன்காட்டில் 6 பேர்ச் காணி வாங்குவது. பேர்ச் 7 இலட்சம் என்றார்கள். காணிக்கு 42 இலட்சம், சிறு வீட்டுக்கு இன்னும் 30 இலட்சத்துக்கு மேல். கையிருப்புப் போக 55 இலட்சம் கடன் எடுத்தால், 14 வீத வட்டியில் 15 வருடத் தவணை மாதம் 73,000 ரூபாயைத் தாண்டும். வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்கே போகும் என்பதால் இந்த வழி அத்துடன் மூடியது.

மூன்றாவது, புறநகர். மன்னார் வீதியில் பட்டினத்திலிருந்து ஒன்பதரைக் கிலோமீற்றர் தூரத்தில், கிரவல் ஒழுங்கையின் உள்ளே, இரண்டு பரப்பு (20 பேர்ச்) காணி மொத்தம் 9 இலட்சத்துக்குக் கிடைக்கும் என்று ஒரு தரகர் சொன்னார்.

நான்காவது, ஊர். தாயாரின் விருப்பம் இதுதான். "பூட்டின வீடு கறையான் தின்னுது தம்பி, அங்க போய் இருப்பம்" என்று அவர் மகனிடம் பலமுறை சொன்னார். ஆனால் நெடுங்கேணி வழியாகப் பேருந்தில் போய்வரவே ஒரு பகலின் பெரும்பகுதி முடிந்துவிடும். இருவரின் வேலையும் வவுனியாவில் இருக்கையில் இது நடைமுறைக்கு ஒவ்வவில்லை. எனினும் இந்த விருப்பத்தை ஒருவரும் அலட்சியமாகத் தள்ளவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். உறவினர் ஒருவரை அந்த வீட்டில் குடியிருத்தி வளவைப் பார்க்கச் செய்தார்கள்.

முதற் பிழை: பத்திரம் பார்க்குமுன் கொடுத்த முற்பணம்

இரண்டு பரப்பு என்ற சொல் கணவரின் மனத்தில் ஆழமாக இறங்கிவிட்டது. கிணறு, மா, தென்னை, தாய்க்கு ஒரு கோழிக்கூடு என்று அவர் வளவை மனத்துக்குள் கட்டி முடித்திருந்தார். வேறொருவர் வாங்கப்போகிறார் என்று தரகர் அவசரப்படுத்தியதால் 2023 ஏப்பிரலில் 1,00,000 ரூபாய் முற்பணம் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகே பத்திரத்தின் பிரதியை என்னிடம் கொண்டுவந்தார்.

அது உறுதிக் காணி, அதாவது எழுதிப் பதிந்த உரிமைப் பத்திரம் உள்ள தனியார் காணி, அல்ல. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணி, அதாவது எங்கள் பக்கத்தில் 'பேமிற் காணி' என்பது. அனுமதிப்பத்திரம் விற்பவரின் காலஞ்சென்ற தகப்பனார் பெயரில் இருந்தது, பின்னுரித்தாளர் பதியப்படவில்லை. விற்பவர் அற்றோணித் தத்துவம் (தம் சார்பில் செயற்படும் அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) ஒன்றை எழுதித் தருவதாகச் சொன்னார். பேமிற் காணியை அரச அனுமதியின்றிக் கைமாற்றினால் அந்தக் கைமாற்றம் செல்லாது. வன்னியில் நூற்றுக்கணக்கானோர் இப்படிக் கையெழுத்துக் கடதாசியில் வாங்கிய காணிகளில் வீடு கட்டி இருக்கிறார்கள் என்பது உண்மை. அவர்களில் எத்தனை பேர் பிள்ளைக்குச் சீதனமாக எழுதவும் வங்கியில் ஈடு வைக்கவும் முடியாமல் அலைந்தார்கள் என்பதை நான் பணியிலிருந்த காலத்தில் என் மேசைக்கு முன்னே பார்த்தவன். பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் விசாரித்தபோது, அந்தத் துண்டின் ஒரு பகுதி குளத்து அலைகரையை, அதாவது குளம் நிறையும்போது நீர் ஏறும் ஓரத்தை, தொடுகிறது என்பதும் தெரிந்தது.

வாங்கும் எண்ணம் கைவிடப்பட்டது. முற்பணத்தில் 50,000 ரூபாய் திரும்பி வந்தது, மீதி வரவில்லை.

கொப்பியில் எழுதப்பட்ட இரண்டு வாரங்கள்

அடுத்த காணியைத் தேடுமுன், குடும்பத்தில் ஒவ்வொருவரும் எத்தனை மணிக்கு எங்கே போகிறார், எப்படிப் போகிறார், எத்தனை மணிக்குத் திரும்புகிறார் என்று இரண்டு வாரம் எழுதும்படி கேட்டேன். இந்த நிகழ்வில் மிகவும் பயன்பட்ட வேலை இதுவே என்று இப்போதும் கருதுகிறேன். காணி தேடுபவர்கள் பேர்ச்சின் விலையைத்தான் பேசுகிறார்கள். ஆட்களின் நாளைப் பேசுவதில்லை.

அந்தக் கொப்பியிலிருந்து சில விடயங்கள் துலங்கின. கணவரின் பயணம் எளிது: காலை ஒன்று, மாலை ஒன்று. மனைவியின் நாள் அப்படியல்ல. பாடசாலை முடிந்து வீட்டுக்கு வந்து, சமைத்து, மாமியாருக்கு மருந்து கொடுத்து, மூன்றரைக்குத் தன் வகுப்பைத் தொடங்குவார். மகள் வாரத்தில் நான்கு நாள் மாலை ஆறரைக்கு வகுப்பு முடித்து வருவாள். அந்த நேரத்துக்குப் பின் மன்னார் வீதியில் உள்ளூர்ப் பேருந்துகள் அருகிவிடும். தனியாக வருவதற்கும் வீட்டில் சம்மதமில்லை. ஆகவே எங்கே குடிபோனாலும் அவளைத் தகப்பன் காத்திருந்து ஏற்றிவர வேண்டும்.

எரிபொருள் பற்றிய அச்சமும் இருந்தது. 2022 இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய் வரை ஏறி, பின்னர் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றரே கிடைத்தது. பட்டினத்தில் இருந்தபடியால் அந்த மாதங்களை நடந்து கடந்தோம் என்று கணவர் சொன்னார். அந்த நினைவை நாங்கள் ஓர் அளவுகோலாகவே எடுத்துக்கொண்டோம். ஒன்பதரைக் கிலோமீற்றர் தூரத்துக் காணியென்றால், வேலைநாட்களில் இரண்டு முறை போய்வந்து, வகுப்பு, கிளினிக் பயணங்களையும் சேர்த்தால் மாதம் ஏறத்தாழ 1,070 கிலோமீற்றர். லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும் அவருடைய மோட்டார் சைக்கிளுக்கு வாரம் ஐந்தரை லீற்றர் தேவைப்படும். ஆறு கிலோமீற்றர் தூரமென்றால் மாதம் 680 கிலோமீற்றர், வாரம் மூன்றரை லீற்றர். அப்படியொரு நெருக்கடி மீண்டும் வந்தாலும் ஆறு கிலோமீற்றரில் தாக்குப்பிடிக்கலாம், ஒன்பதரையில் முடியாது. தேடும் எல்லை இப்படித்தான் வகுக்கப்பட்டது.

எடுத்த தீர்மானங்களும் காரணங்களும்

முதல் தீர்மானம், ஒரு வருடம் பொறுப்பது. 2023 மார்ச்சில் மத்திய வங்கியின் கடன் வழங்கல் வட்டி 16.5 வீதமாக உயர்ந்தது. வங்கிகள் வீட்டுக் கடனுக்கு 20 வீதத்துக்கு மேல் கேட்டன. யூனில் குறையத் தொடங்கிய மத்திய வங்கி வட்டி நவம்பரில் 10 வீதத்துக்கு வந்தது. 30 இலட்சக் கடனுக்கு 20 வீதத்தில் 15 வருடத் தவணை மாதம் 52,700 ரூபாய். 14 வீதத்தில் 40,000 ரூபாய். மாதத்துக்கு 12,700 ரூபாய் வித்தியாசம். பொறுத்திருந்த வருடத்தின் வாடகை 4,20,000 ரூபாய் கையை விட்டுப் போனாலும், 180 தவணைகளோடு ஒப்பிட்டால் அது நியாயமான விலை என்று முடிவெடுத்தார்கள். மனைவிக்கு இது உடன்பாடாகவே இருந்தது; மகள் அந்த வருடம் அலைச்சலின்றிப் படிக்கலாம் என்பதே அவரது காரணம்.

இரண்டாவது, பரப்பைக் குறைத்து வீதியை நெருங்குவது. இடையில் பார்த்த காணிகளில் ஒன்று வயலை மண்போட்டு நிரப்பியது. கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் வயற்காணியை நிரப்பவோ அதில் கட்டவோ இயலாது என்பதால் அதில் நேரம் செலவழிக்கவில்லை. கடைசியில், நெளுக்குளப் பக்கம், பேருந்து வீதியிலிருந்து 300 மீற்றர் உள்ளே, 10 பேர்ச் உறுதிக் காணி பேர்ச் 1,60,000 வீதம் அமைந்தது. நொத்தாரிசு முப்பது வருடத் தோம்பு, அதாவது காணிப் பதிவகத்தில் உள்ள உரிமைப் பதிவுகள், பார்த்தார். புதிதாக அளவைப் படம் வரையப்பட்டது. 2024 மார்ச்சில் உறுதி முடிந்தது. முதல் 1,00,000 ரூபாய்க்கு 3 வீதமும் மீதிக்கு 4 வீதமுமாக முத்திரை வரி 63,000 ரூபாய். பலர் காணி விலையை மட்டும் சேர்த்து வைத்துவிட்டு உறுதி எழுதும் நாளில் இந்தத் தொகைக்குக் கைமாற்று வாங்க ஓடுகிறார்கள்.

மூன்றாவது, முதலில் 550 சதுர அடி மட்டும் கட்டுவது. இரண்டு அறை, சமையலறை, மலசலகூடம். விறாந்தையும் மூன்றாம் அறையும் பின்னர் கட்டலாம் என்று வரைபடத்தில் காட்டி, பிரதேச சபையில் அனுமதி பெறப்பட்டது. சேமிப்பும் சீட்டும் 9 இலட்சம், விற்ற நகை 5 இலட்சம், சுவிசிலுள்ள தம்பி கொடுத்தது 6 இலட்சம், வங்கிக் கடன் 30 இலட்சம். நகையை விற்பதா, அடகு வைப்பதா என்று இரு நாள் பேச்சு நடந்தது. வீட்டுக் கடனோடு அடகு வட்டியையும் சுமக்க முடியாது என்று மனைவியே விற்கச் சொன்னார்.

கட்டிய காலம்

ஆடியில் அத்திவாரம் இடத் தாயார் சம்மதிக்கவில்லை. ஆவணியில்தான் தொடங்கினார்கள். அந்த ஒரு மாதம் பின்னால் பெரிதாகத் தெரிந்தது. ஐப்பசியில் மழை தொடங்குமுன் கூரை ஏறவில்லை.

அதற்கு முன்னரே வேறொன்று தெரியவந்திருந்தது. அத்திவாரம் வெட்டிய நாளில் அடுத்த வளவிலிருந்த வயோதிப அம்மா வேலியோரம் வந்து, "பிள்ளை, மாரிக்குக் குளம் வான் பாய்ஞ்சா இந்த ஒழுங்கையால தான் தண்ணி வாறது, நல்லா உயர்த்திக் கட்டுங்கோ" என்றார். குளம் நிறைந்து மேலதிக நீர் வழிவதைத்தான் வான் பாய்தல் என்கிறோம். நாங்கள் காணி பார்த்தது மாசியிலும் பங்குனியிலும். தரை காய்ந்து வெடித்திருந்தது. பத்திரத்தை அவ்வளவு கவனமாகப் பார்த்த நான், மழைநீர் எவ்வழியால் போகும் என்று அயலவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குளங்களை நம்பி எழுந்த ஒரு மாவட்டத்தில் முப்பது வருடம் கிராம அலுவலராக இருந்த ஒருவர் கேட்காமல் விட்டிருக்கக்கூடாத கேள்வி அது. அத்திவாரத்தை ஒன்றரை அடி உயர்த்தினார்கள். கூடுதல் செலவு 1,80,000 ரூபாய். 2024 நவம்பர் கடைசி வாரத்து அடைமழையில் ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணீர் இரண்டு நாள் நின்றது. வீட்டுத் தளம் நனையவில்லை.

கடனை வங்கி கட்டம் கட்டமாக விடுவித்தது. எடுத்த தொகைக்கு வட்டி கட்டிக்கொண்டே 35,000 ரூபாய் வாடகையையும் கட்டிய ஐந்து மாதங்கள் கொப்பியின் மிக இறுக்கமான பக்கங்கள். அந்தக் காலத்துக்கென்று முன்கூட்டியே பணம் ஒதுக்கப்படவில்லை. கடையில் சம்பள முற்பணம் வாங்கினார்கள். மகளின் ஒரு பாட வகுப்பு இடைநிறுத்தப்பட்டது. 2025 தையில் பால் காய்ச்சிக் குடிபுகுந்தார்கள்.

பின்பு நடந்தவை

மகளுக்குச் சாதாரண தரப் பரீட்சை 2025 மார்ச்சில். குடிபுகுந்த இரண்டாம் வாரமே, ஏழரை மணிக்கு வீடு வந்து, களைத்துத் தூங்கிப்போவதைத் தாய் கவனித்தார். பரீட்சை முடியும்வரை வேலைநாட்களில் மகளைப் பட்டினத்திலுள்ள சித்தி வீட்டில் தங்க வைத்தார்கள். இந்த ஏற்பாடு பலன் தந்தது. ஆனால் எல்லாக் குடும்பத்துக்கும் பட்டினத்தில் ஒரு சித்தி வீடு இருக்காது.

போக்குவரத்துக்கு மாதம் 9,000 ரூபாய் என்று திட்டமிட்டிருந்தார்கள். பெற்றோல் விலை 300 ரூபாயை அண்மித்து இறங்கிய பின்னரும் நடைமுறையில் 15,000 ஆனது: பெற்றோல் 4,600, மோட்டார் சைக்கிள் பராமரிப்பு 1,500, பேருந்து 1,500, மகனின் பாடசாலை வான் 5,500, கிளினிக்குக்கும் மற்றத் தேவைகளுக்கும் ஓட்டோ 1,900. மகன் தாயோடு பேருந்தில் வருவான் என்று நினைத்திருந்தோம். இரு பாடசாலைகளும் விடும் நேரம் வேறு வேறு என்பதைக் கொப்பியில் எழுதியிருந்தும் கணக்கில் சேர்க்கவில்லை.

தண்ணீரும் ஒரு செலவாயிற்று. பட்டினத்து வீட்டில் பேராறு நீர்த்தேக்கத்துக் குழாய்நீர் இருந்தது. புதிய வீட்டில் கிணற்று நீர். கேத்தலில் ஒரு வாரத்தில் வெள்ளைப் படிவு கட்டியது. சிறுநீரக நோயாளி வீட்டில் இருப்பதால், குடிக்கவும் சமைக்கவும் சுத்திகரித்த நீரை மாதம் 1,600 ரூபாய்க்கு வாங்குகிறார்கள்.

ஒருவரும் எதிர்பாராத இழப்பு மனைவியுடையது. வீட்டுக்கு வந்துசேர மூன்று மணிக்கு மேலாகிறது. அவரிடம் படித்த பிள்ளைகள் வைரவபுளியங்குளத்தில் இருக்கிறார்கள். மாலை வகுப்பு நின்றுபோனது. மாதம் 12,000 ரூபாய் வருமானத்தோடு, தன் கையால் உழைத்துத் தன் விருப்பப்படி செலவிட்ட பணமும் போயிற்று என்று அவர் சொன்னபோது அந்தக் குரலில் வருத்தம் இருந்தது. கொப்பியின் முதற் பக்கத்திலேயே "மூன்றரை — வகுப்பு" என்று எழுதப்பட்டிருந்தது. அதை நாங்கள் அவருடைய நேரமாகப் பார்த்தோம், வருமானமாகப் பார்க்கவில்லை.

ஒரு வருடத்துக்குப் பின் கணக்கு இப்படி நின்றது. தவணை 40,000, போக்குவரத்து 15,000, தண்ணீர் 1,600, இழந்த வருமானம் 12,000. மொத்தம் 68,600 ரூபாய். பழைய வீட்டுக்கு வந்தவர்கள் இப்போது 42,000 ரூபாய் வாடகை கொடுக்கிறார்கள். அங்கே இருந்திருந்தால் போக்குவரத்தோடு 46,000 ஆகியிருக்கும். மாதத்துக்கு 22,600 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து, 15 வருட முடிவில் ஒரு வீடும் ஒரு பரப்புக் காணியும் தமதாகும். வாடகை ஏறிக்கொண்டே போகும், தவணை பெரிதாக ஏறாது என்பதே கணவரின் வாதம். அதை நான் ஏற்கிறேன். ஆனால் இந்தக் கணக்கைச் சுமப்பது அவருடைய நாளைவிட மனைவியின் நாளே என்பதையும் எழுதாமல் விட முடியாது.

தாயார் முற்றத்தில் முருங்கையும் கறிவேப்பிலையும் நட்டிருக்கிறார், கோழிக்கூடும் வந்துவிட்டது. ஊருக்குப் போகும் பேச்சு குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

மீண்டும் செய்வதென்றால்

உறுதிக் காணி, பேருந்து வீதிக்கு அண்மை, வட்டி இறங்கும்வரை பொறுத்தது ஆகிய மூன்றிலும் மாற்றம் வேண்டாம் என்று குடும்பமும் நானும் ஒருமித்துச் சொல்கிறோம். முற்பணம் கொடுக்குமுன் பிரதேச செயலகத்துக்கும் காணிப் பதிவகத்துக்கும் போயிருக்க வேண்டும். காணியை ஒருமுறையேனும் கார்த்திகை மழையில் பார்த்திருக்க வேண்டும். இயலாவிட்டால் அயலில் மூன்று வீட்டிலாவது கேட்டிருக்க வேண்டும். வாடகையும் வட்டியும் ஒன்றாக விழும் மாதங்களுக்கென 2 இலட்சம் ரூபாயைத் தனியே வைத்துவிட்டு, வீட்டை இன்னும் ஓர் அறை குறைத்துத் தொடங்கியிருக்கலாம். குடிபுகும் நாளைத் தையில் வைக்காமல் மகளின் பரீட்சைக்குப் பின், சித்திரைக்கு ஒத்திப்போட்டிருந்தால் மூன்று மாத வாடகை கூடியிருக்கும். அந்தப் பணத்தை அப்போது திரட்டியிருக்க முடியுமா என்பதில் கணவருக்கும் மனைவிக்கும் இன்றும் கருத்து ஒன்றல்ல.

மனைவி, வவுனியா தெற்கு வலயத்துக்குள்ளேயே மன்னார் வீதியை அண்டிய பாடசாலை ஒன்றுக்கு இடமாற்றம் கேட்டு விண்ணப்பித்திருக்கிறார். கிடைத்தால், மகனையும் அங்கேயே சேர்த்து, வான் செலவை நிறுத்தி, மாலை வகுப்பை வீட்டு விறாந்தையில் மீண்டும் தொடங்குவது அவர் எண்ணம். விறாந்தை இன்னும் கட்டப்படவில்லை. அதற்கான கல் 400 வளவில் அடுக்கப்பட்டிருக்கிறது.